மேற்படி வாகனம் துள்ளுகிறது

வேங்கிக்கால்,
4.1.1999

திரு. இளவரசன் அவர்களுக்கு, சகாதேவன் எழுதியது.

பொருள்: தாங்கள் விட்டுச் சென்ற ரிமோட் லாரியை எடுத்துச் செல்லுதல் தொடர்பாக.

தலை தீபாவளிக்கு என் மகள் மணிமொழியுடன் என் வீட்டுக்கு வந்த தாங்கள், மதியம் இலை போட்டிருக்கும்போதே எழுந்து ஓசூர் பஸ் ஏறிவிட்டீர்கள். பின்னாலேயே என் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தாங்கள் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போனபோது வாங்கி வந்ததாகச் சொல்லப்படும் லாரி அன்றிலிருந்து எங்கள் பீரோவின் மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மாமியார் கன்னியம்மாள் வெள்ளிக்கிழமைதோறும் அதைத் துடைத்து வைக்கிறாள். பொட்டு வைக்காதது ஒன்றுதான் பாக்கி. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளவும்.

நமக்குள் வந்த தகராறு வாய்ப்பேச்சில் வந்தது. ஆகவே போனில் பேச வேண்டாம், எழுத்தில் வைத்துக்கொள்வோம். கலெக்டர் ஆபீசில் பல வருடமாகக் கோப்பு பார்க்கிறவன் நான். எழுத்தில் எனக்கு யாரோடும் சண்டை வந்ததில்லை.

இப்படிக்கு,
சகாதேவன்

பின்குறிப்பு: மேற்படி வாகனம் இயங்கும் நிலையில் உள்ளதா என அறியும் பொருட்டு, தெருவில் ஓட்டிப் பார்க்கப்பட்டது. ஓடுகிறது. ஆனால் ஜல்லியில் ஏறினால் ஆட்டுக்குட்டி மாதிரி துள்ளிக் கவிழ்கிறது. வாங்கும்போதே இப்படித்தானா?


ஓசூர்,
11.1.1999

மாமா அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தில் நான் எழுந்து போனது இருக்கிறது, எதற்குப் போனேன் என்பது இல்லை. கோப்பு பார்க்கிறவர் முக்கியமான காகிதத்தை விட்டுவிட்டீர்கள். நானே சேர்த்துவிடுகிறேன்.

அன்று லாரியைத் தெருவில் விட்டு, வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் பெரியப்பா மகன் அப்பாதுரை மாமா உட்பட ஒரு கூட்டமே நின்றது. நீங்கள் வெளியே வந்தீர்கள். "பொம்மை வண்டி ஓட்டுற ஆளுக்கா நான் பொண்ண குடுத்துருக்கேன்? தெரிஞ்சிருந்தா சீரோட சேத்து ஒரு கிலுகிலுப்பையும் வாங்கிக் குடுத்துருப்பேனே!" என்றீர்கள். அத்தனை பேரும் சிரித்தார்கள். அப்பாதுரை மாமா சிரித்துச் சிரித்துப் புரையேறி, அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்ததும் நான்தான். அதற்கு மேல் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

வண்டி துள்ளுவதற்கு ஜப்பான்காரன் காரணமில்லை. நான்கு சக்கரத்துக்கும் மேலே ஒவ்வொரு சின்னக் குழாய் இருக்கும் பாருங்கள், அதுதான் ஷாக் அப்சார்பர். வெளியே ஸ்பிரிங், உள்ளே எண்ணெய். மேடு வந்தால் ஸ்பிரிங் அமுங்கித் திரும்பத் தள்ளும். அந்தத் தள்ளலைப் பிடித்து நிதானமாக்குவது எண்ணெய். மாதக்கணக்கில் சும்மா கிடந்ததில் எண்ணெய் கசிந்து போயிருக்கும். எண்ணெய் இல்லாமல் தயவுசெய்து ஓட்டாதீர்கள், உள்ளே தேய்ந்துவிடும்.

ஓட்டவே வேண்டாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எப்படியோ இப்படி வந்துவிட்டது.

இளவரசன்


வேங்கிக்கால்,
27.1.1999

திரு. இளவரசன் அவர்களுக்கு,

பார்வை: தங்கள் 11.1.1999 நாளிட்ட கடிதம்.

பார்வையில் கண்ட கடிதத்தின் முற்பகுதி படிக்கப்பட்டது. அது குறித்து இப்போது ஏதும் சொல்வதற்கில்லை.

பிற்பகுதியின்படி, நான்கு குழாய்களையும் திறந்து, வீட்டிலிருந்த சுத்தமான எண்ணெயை ஊற்றி மூடினேன். வண்டி இப்போது இரண்டு விதமாக நடந்துகொள்கிறது. அதிகாலையில் ஓட்டினால் ஸ்பிரிங் அசைவதே இல்லை, மரக்கட்டைக்குச் சக்கரம் வைத்தது போல் தடதடவென்று போகிறது. அதே வண்டி மதியம் பழைய ஆட்டுக்குட்டி ஆகிவிடுகிறது. வழிக்கு வராத எதையும் இறுக்கினால் வரும் என்பது என் அனுபவம். ஆகவே ஸ்பிரிங்குக்கு மேலுள்ள வளையத்தைத் திருகி முழுக்க இறுக்கினேன். பிற்பகல் சோதனையில் வண்டி ஒரு கல்லில் ஏறி, எதிர் வீட்டுக் காம்பவுண்டைத் தாண்டி அவர்கள் காயப்போட்டிருந்த வடகத்தில் இறங்கியது. அந்த வீட்டு மணியம்மாள் இப்போது என்னோடு பேசுவதில்லை.

இந்த வாகனத்தின் குணம் எனக்குப் புரியவில்லை. விளக்கம் தேவை.

சகாதேவன்


ஓசூர்,
1.2.1999

மாமா,

ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஊற்றியது தேங்காய் எண்ணெய்தானே?

உங்கள் கடிதத்தைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் மணிமொழி அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். அவளும் படித்தாள். பால் பொங்கி அடுப்பு அணைந்தது. தை மாசக் குளிருக்குத் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும் என்று தலைக்கு எண்ணெய் வைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்களே! "எங்கப்பாவுக்குத்தான் அந்தச் செலவு எப்பவோ நின்னு போச்சே" என்கிறாள் உங்கள் மகள். நான் சொல்லவில்லை, அவள்தான் சொன்னாள்.

இறுக்கினால் வண்டி அடங்காது மாமா. எவ்வளவு இறுக்குகிறீர்களோ அவ்வளவு வேகமாகத் திருப்பி அடிக்கும். வளையத்தைத் தளர்த்திப் பழையபடி விடுங்கள். தேங்காய் எண்ணெயைத் துடைத்தெடுத்துவிட்டு விளக்கெண்ணெய் ஊற்றுங்கள். ஊற்றியதும் மூடிவிடாமல், குழாய்க்குள் இருக்கும் கம்பியை மெதுவாக மேலும் கீழும் அசைத்து, காற்றுக்குமிழி எல்லாம் வெளியே வந்தபிறகு மூட வேண்டும். பிறகு வண்டியை ஒரு சாண் உயரத்திலிருந்து தரையில் விட்டுப் பாருங்கள். விழுந்ததும் ஒரு முறை அமுங்கி, எழுந்து, அப்படியே நின்றுவிட வேண்டும். மறுபடி எகிறினால் எண்ணெய் போதாது.

இன்னொரு விஷயம். நேற்று டாக்டரம்மா உறுதி செய்துவிட்டார். நீங்கள் தாத்தா ஆகப்போகிறீர்கள். அத்தைக்கு மணிமொழி போனில் சொல்லிவிட்டாள், உங்களுக்கு நான் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

ஆனால் அவள் ஒன்றில் பிடிவாதமாக இருக்கிறாள். "எம் புருஷன் எந்த வூட்ல இருந்து தலைய குனிஞ்சிகினு வெளிய வந்தாரோ, அவரு நிமிந்து உள்ள போகாம நான் அந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். பிரசவமானாலும் சரி" என்கிறாள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை. நானும் எதுவும் நடக்காத மாதிரி அங்கே வந்து உட்கார முடியாது. அன்று சிரித்தவர்கள் காது கேட்க நீங்கள் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போதும்.

இளவரசன்


வேங்கிக்கால்,
1.3.1999

திரு. இளவரசன் அவர்களுக்கு,

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம் வழக்கம். அதற்கு நிபந்தனை போட யாருக்கும் அதிகாரம் கிடையாது. ஊர் கூட்டி மாமனார் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் போட்ட உத்தரவைத் திரும்பப் பெற்றதாக எங்கள் ஆபீசில் ஒரு கோப்பு கிடையாது. மாப்பிள்ளை முறுக்கு என்பது ஒரு வருடத்துக்குத்தான் மொறுமொறுப்பாக இருக்கும், அதற்கு மேல் நமத்துப்போகும் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

சகாதேவன்

பின்குறிப்பு: ஒரு சாண் உயரத்திலிருந்து விடப்பட்டது. நின்றது.


ஓசூர்,
9.3.1999

மாமா அவர்களுக்கு,

வண்டியை லாரி சர்வீஸில் போட்டு அனுப்பிவிடுங்கள். மணிமொழியை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓசூரிலும் ஆஸ்பத்திரி இருக்கிறது.

இளவரசன்


வேங்கிக்கால்,
18.4.1999

மாப்பிள்ளை இளவரசன் அவர்களுக்கு,

வண்டியைத் திருப்பி அனுப்பக் கோரிய தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. பரிசீலனை என்றால் என்னவென்று உங்கள் மாமியாரைக் கேளுங்கள். அவள் கேட்ட மிக்சி மணிமொழி பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் பரிசீலனைக்குப் போனது. காலேஜ் முடித்தபோதுதான் வந்தது.

கன்னியம்மாள் உள்ளறையை வெள்ளையடிக்க வைத்திருக்கிறாள். என் பழைய வேட்டிகளையெல்லாம் கிழித்து, துவைத்து, குழந்தைக்கு என்று சதுரம் சதுரமாக மடித்து அடுக்கியிருக்கிறாள். "புள்ளையே வராத வூட்ல இத்தனை துணி எதுக்குங்க?" என்று நேற்று கேட்டாள். கேட்டுவிட்டு, மறுபடி மடிக்க உட்கார்ந்துவிட்டாள். எனக்கும் என் மகள் வர வேண்டும் மாப்பிள்ளை. போன கடிதத்தில் அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை வேறு எதையோ எழுதிவிட்டது.

நிற்க. விளக்கெண்ணெய் அருமையாக வேலை செய்கிறது. சென்ற சனிக்கிழமை ரமணாசிரமம் பக்கம் ஒரு காலி மனையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு கண்ணை மூடி என்னைக் கைகூப்பி வணங்கிவிட்டுப் போனார். வண்டியை வணங்கினாரா, என்னையா என்று தெரியவில்லை.

ஒரு சந்தேகம். சுமார் ஒரு கிலோ எடையுள்ள, அலுங்கக்கூடாத பொருளை இந்த வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? சோதனைக்கு ஒரு சொம்பு தண்ணீரை வைத்துக் கட்டி ஓட்டியதில் முக்கால் சொம்பு தெருவுக்குப் போயிற்று. காரணம் கேட்க வேண்டாம்.

சகாதேவன்


ஓசூர்,
2.5.1999

மாமா,

பரிசீலனை விஷயத்தை மணிமொழிக்குப் படித்துக் காட்டினேன். சிரித்தாள். அடுத்த பத்தியை நான் படிக்கவில்லை, கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் மாடிப்படியில் உட்கார்ந்தவள் சாப்பிடத்தான் எழுந்து வந்தாள். அவளுக்கும் உங்கள் பிடிவாதம்தானே, நிபந்தனையை விடவில்லை. ராத்திரி அம்மா கையால் கத்திரிக்காய் காரக்குழம்பு வேண்டும் என்றாள். அதை எப்படி லாரி சர்வீஸில் வரவழைப்பது?

ஒரு கிலோ தாராளமாக ஏற்றலாம். ஆனால் வெறும் வண்டிக்குச் சரியாக இருக்கிற ஸ்பிரிங் சுமைக்குப் போதாது. சுமையை ஏற்றிவிட்டுப் பக்கத்தில் குனிந்து பாருங்கள். வயிறு தரையைத் தொடுகிற மாதிரி தொங்கினால் வளையத்தைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். காலை விறைத்துக்கொண்டு நின்றால் தளர்த்த வேண்டும். நடுவில் விரலால் அழுத்தி விட்டால் முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றாக எழ வேண்டும். சுமையை எவ்வளவு தாழ்வாகக் கட்டுகிறீர்களோ அவ்வளவு நல்லது. முக்கியமானது உங்கள் கட்டைவிரல். மேடு வருவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும், மேட்டின் மேல் பிரேக் போட்டால் எல்லாம் போச்சு.

காரணம் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டாம் என்று சொன்னதிலிருந்து ராத்திரி தூக்கம் வரவில்லை.

இளவரசன்


வேங்கிக்கால்,
20.6.1999

மாப்பிள்ளைக்கு,

தங்கள் தாயாரும் கன்னியம்மாளும் போனில் பேசி வளைகாப்புக்கு நாள் குறித்தது தெரிந்திருக்கும். ஜூலை 4, ஞாயிறு காலை, ஓசூரில் தங்கள் வீட்டில். நாங்கள் வேனில் வருகிறோம். அப்பாதுரை உட்பட எல்லோரும் வருகிறார்கள். வளையல் போட்டு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது முறை. அவள் வருவாளா என்று நான் கேட்கப்போவதில்லை. கன்னியம்மாள் வேனில் அவளுக்கு ஜன்னலோரம் இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

கீழ்க்கண்ட விவரங்கள் தேவை. தங்கள் தெரு முனைப் பிள்ளையார் கோயிலிலிருந்து வீடு வரை தார் ரோடா, மண் ரோடா? வேகத்தடை உண்டா? காலை வேளையில் அங்கே குளிர் ஜாஸ்தியா, கம்மியா?

சகாதேவன்


ஓசூர்,
25.6.1999

மாமா,

தார் ரோடுதான், ஆனால் தாரை விடப் பள்ளம் ஜாஸ்தி. வேகத்தடை இரண்டு இருக்கிறது. இரண்டாவதை எங்கள் தெருவாசிகளே சிமெண்ட் கொட்டிக் கட்டினார்கள், ஸ்கூட்டரே மூச்சு வாங்கும். காலையில் உங்கள் ஊரை விட நன்றாகவே குளிரும், அத்தைக்கு ஸ்வெட்டர் எடுத்து வாருங்கள். வேன் வாசல் வரைக்கும் வரும், பிள்ளையார் கோயிலில் இறங்க வேண்டியதில்லை.

வாருங்கள், நல்லபடியாக வளையல் போடலாம். அதற்கு மேல் அவளிடம் நான் எதுவும் பேச முடியாது. அவள் பெட்டி இன்னும் பரணில்தான் இருக்கிறது.

இளவரசன்


வேங்கிக்கால்,
12.7.1999

அன்புள்ள மாப்பிள்ளை,

நீங்கள் இங்கே தங்கியிருந்த மூன்று நாளில் எத்தனையோ பேசினோம். இதை மட்டும் நேரில் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆகவே எழுத்தில் கேட்கிறேன்.

வளைகாப்பு அன்று நான் சக்கரத்தை மட்டுமே பார்த்தேன். வண்டியின் மேல் தாம்பாளம் நிறையக் கண்ணாடி வளையல். "ஒண்ணு ஒடஞ்சாலும் என்ன சகுனம்? தலைச்சம் புள்ளைங்க அது! பேசாம தட்டைக் கையில எடுத்துக்குனு வாங்க" என்று கன்னியம்மாள் வேனில் அழுதுகொண்டே வந்தாள். எனக்கும் பயம்தான். அவளுடைய பழைய வளையல்களை வைத்துப் பழகியதில் முதல் வாரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஓசூர்க் குளிருக்கு விளக்கெண்ணெய் இறுகிவிடுமே என்று நல்லெண்ணெய் கொஞ்சம் கலந்து வைத்திருந்தேன், அது சரிவருமா என்ற கவலை வேறு. யார் நின்றார்கள், யார் முகம் எப்படிப் போனது, எதுவும் எனக்குத் தெரியாது. அப்பாதுரை ஏதோ கேட்டான். நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று கன்னியம்மாளைக் கேட்டால் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். மணிமொழியைக் கேட்டால், "அவரையே கேளுங்கப்பா" என்கிறாள்.

அன்று நடந்ததை நீங்கள் எழுதுங்கள். இன்னும் ஒன்று. எங்களோடு நீங்களும் வேன் ஏறுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. எப்போது முடிவு செய்தீர்கள்?

மணிமொழி உள்ளறையில் தூங்குகிறாள். இன்று கத்திரிக்காய் காரக்குழம்பு, மூன்று முறை சோறு வாங்கினாள்.

மாமா


ஓசூர்,
18.7.1999

அன்புள்ள மாமாவுக்கு,

அன்று காலை பட்டுப்புடவை கட்டிக்கொண்டே மணிமொழி, "வளையல் போட்டுக்குறேன், வேன் ஏற மாட்டேன். எங்கம்மா அழுதா நீங்கதான் சமாதானம் சொல்லணும்" என்றாள். நான் அதற்கான வார்த்தைகளை யோசித்துக்கொண்டு வாசலில் நின்றேன். வேன் பிள்ளையார் கோயிலிலேயே நின்றுவிட்டது. பெண்கள் வரிசைத் தட்டுகளோடு இறங்குவது தெரிந்தது. அவர்களுக்கு முன்னால் தரையோடு தரையாக ஏதோ வந்தது. முதலில் எனக்குப் புரியவில்லை. வெயில் பட்டுச் சிவப்பும் பச்சையுமாக மின்னியபோதுதான் வளையல் என்று தெரிந்தது. அதற்கு அடியில் என் வண்டி! பின்னால் நீங்கள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு. நாக்கைக் கடிப்பது உங்களுக்குத் தெரியாது இல்லையா? உங்கள் மகளும் ஊசியில் நூல் கோக்கும்போது அப்படித்தான் கடிப்பாள்.

முதல் வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. வளையல் லேசாகக் கிணுகிணுத்தது, அவ்வளவுதான். எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. நான் உள்ளே கத்தி மணிமொழியைக் கூப்பிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் உங்களைப் பார்த்து "அப்பா!" என்றாள். சிரித்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, துடைக்காமல் அப்படியே சிரித்தாள்.

இரண்டாவது வேகத்தடை வந்தது. அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் அப்பாதுரை மாமா தெருவே கேட்கிற மாதிரி, "டேய் சகாதேவா, இன்னாடா இது? பேரன் பொறக்கப் போற வயசுல பொம்மை வண்டி ஓட்டிகினு வர்ற?" என்றார். ஒன்றிரண்டு பேர் சிரிக்க ஆரம்பித்தார்கள். நீங்கள் தலையைத் தூக்கவில்லை. கட்டைவிரலை மெதுவாகத் தளர்த்தி வேகத்தைக் குறைத்தீர்கள். குறைத்துக்கொண்டே, "எம் மாப்ள கத்துக் குடுத்தாருடா. லேசுப்பட்ட வித்தை இல்ல. வளையல் வருது, வழிய வுடு" என்றீர்கள்.

அப்பாதுரை மாமா வழி விட்டார். அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

வண்டி மேலே ஏறியது, ஒரு முறை அமுங்கியது, எழுந்தது, அப்படியே இறங்கி வந்து மணிமொழியின் காலடியில் நின்றது. ஒரு வளையல்கூட உடையவில்லை. நீங்கள் நிமிர்ந்து பார்த்தபோது நான் அங்கே இல்லை என்று வருத்தப்பட்டீர்களாம், அத்தை சொன்னார். நான் உள்ளே பரண் மேல் ஏறிப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். அவள் புடவைகளுக்கு நடுவில் என் சட்டையையும் திணித்துப் பூட்டினேன்.

எப்போது முடிவு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். வண்டி வாசலுக்கு வந்தபோது இல்லை. நீங்கள் அப்பாதுரை மாமாவுக்குப் பதில் சொன்னபோதே முடிவாகிவிட்டது, வண்டி அப்போது அந்த மேட்டில் ஏறவேயில்லை. தாம்பாளமே கவிழ்ந்து அத்தனை வளையலும் தெருவில் நொறுங்கியிருந்தாலும் நான் அந்த வேனில் ஏறியிருப்பேன் மாமா.

உங்கள்
இளவரசன்